தம்பலகாமத்துக்கு ஒரு படப்புத்தகம் வேண்டும்

கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாயைக் கடக்கும் புகையிரதப் பாதை, திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தை நெருங்கும்போது வயல்வெளிக்குள் நுழைகிறது. யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் அம்மம்மாவின் ஊரைப் பார்க்க இந்த வழியாக வருகிறார்கள். தமிழகத்து அகதி முகாம்களில் பிறந்து பெற்றோரோடு ஊர் திரும்பிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்தகப்பனுக்கு மாற்றல் கிடைத்ததால் வந்து சேரும் பிள்ளைகள் வேறு. வந்த பெரியவர்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆளிருக்கிறது, படிக்க நூல்களும் இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கோ, மடியில் விரித்துவைத்து "வா, இது உன் ஊர்" என்று சொல்லும் ஒரு படப்புத்தகம் வேண்டும்.

வந்தவர்கள் வரைந்த நகரங்கள்

நகரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் படப்புத்தகங்களில் உலகப் புகழ் பெற்றவை மிரோஸ்லாவ் ஷாசெக்கின் நூல்கள். 1916இல் பிராக் நகரில் பிறந்த இந்த ஓவியர், 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் நாடு திரும்ப முடியாமல் போனவர். பாரிஸ் நகருக்குப் போனபோது, சுற்றுலா வந்த பெற்றோர் வழிகாட்டி நூல்களில் மூழ்கியிருக்க, பிள்ளைகள் கவனிப்பாரின்றி நிற்பதைக் கண்டார். அவர்களுக்காகவே வரையத் தொடங்கினார். பாரிஸ் பற்றிய நூலும் லண்டன் பற்றிய நூலும் 1959இல் வந்தன, நியூயோர்க் 1960இல் வந்தது. வரிசை மொத்தம் 18 நூல்களாக வளர்ந்தது. சொந்த ஊரை இழந்த ஒருவர் மற்றவர்களின் ஊர்களை இத்தனை அன்போடு வரைந்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சென்னையில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம், ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைவதற்காக லண்டன் போனார். அந்த நகரம் தன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அவர் வரைந்து சொல்ல, சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாக்கியது. அதில் ஒரு படத்தைப் பாருங்கள்: பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரமும் ஒரு சேவலும் ஒரே உருவமாகக் கலந்து நிற்கின்றன. அவருடைய ஊரில் நேரம் சொல்வது சேவல், லண்டனில் அந்தக் கோபுரம். தினமும் அவரை வேலைக்கு ஏற்றிச்சென்ற 30ஆம் இலக்க பஸ், விசுவாசமான நாயாக வருகிறது. புதிய இடத்தைத் தனக்குத் தெரிந்த உருவங்களால் அவர் சொந்தமாக்கிக்கொண்டார். ஊர் திரும்பிய பிள்ளையும் அதைத்தான் செய்யவேண்டியிருக்கிறது.

நம் பக்கங்களில் எதை வரைவது?

முதல் பக்கம் தண்ணீர். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து தம்பலகாமத்து வயல்களில் பாய்கிறது. அந்தக் குளத்தோடு குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயரைச் சேர்த்துச் சொல்வது திருகோணமலை மரபு. பெரும்போகத்தில் பச்சையாக, அறுவடைக்குமுன் பொன்னிறமாக, வெட்டு முடிந்ததும் கொக்குகளின் மேய்ச்சல் நிலமாக ஒரே வயலை மூன்று முறை வரையலாம். இரவில் யானைக்குக் காவலிருக்கும் பரணையும் மறக்கக்கூடாது, எந்தப் பிள்ளையும் முதலில் தேடப்போவது அந்த யானையைத்தான்.

அடுத்து குடா. திருகோணமலைத் துறைமுகத்தோடு இணைந்த தம்பலகாமக் குடாவில் ஒருவகைத் தட்டைச் சிப்பி வாழ்ந்தது. உள்ளங்கை அகலம், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஓடு. சீனாவில் அதை யன்னல் கண்ணாடியாகப் பொருத்தினார்கள். சிப்பிக்குள் கிடைத்த பொடிமுத்துகள் இந்தியக் கரைக்குப் போய்ச் சுட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டன. வசதி படைத்தவர்கள் வெற்றிலையோடு மென்றது அந்த முத்துச் சுண்ணாம்பை என்று 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். தன் ஊர்க் குடாவின் சிப்பி சீன வீட்டு யன்னலில் இருந்தது என்று அறியும் பிள்ளைக்கு, உலக வரைபடத்தில் தன் ஊரும் ஓர் இடம் என்பது விளங்கிவிடும்.

பிறகு ஆதிகோணநாயகர் கோயில். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் இங்கே வந்து சேர்ந்தன என்பது ஊர் மரபு. இடம்பெயர்ந்து வந்த தெய்வத்துக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் என்ற பெருமையைவிட, வரவேற்பு நூலுக்குப் பொருத்தமான கதை வேறென்ன இருக்கிறது? பாலம்போட்டாறு பத்தினி அம்மன் கோயிலும், முள்ளிப்பொத்தானைப் பள்ளிவாசலும், அயலூர் விகாரையும் அடுத்தடுத்த பக்கங்களில் வரவேண்டும். கிண்ணியாவுக்குப் போகும் 396 மீற்றர் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்குமுன் மக்கள் 'பாதை' என்ற படகில் ஏறிக் கடந்தார்கள். பாலத்தையும் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், மிச்சக் கதையை அப்பப்பா சொல்லிக்கொள்வார்.

போரை என்ன செய்வது? 1980களின் நடுப்பகுதி முதல் இந்த ஊர்க் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தன, உயிர்களை இழந்தன. ஊரில் ஏன் இடிந்த வீடு நிற்கிறது என்று பிள்ளை கேட்கத்தான் செய்யும். பூட்டிய வீடு, மூட்டை முடிச்சோடு போகும் குடும்பம், பல ஆண்டு கழித்து அதே முற்றத்தில் மறுபடி அடுப்பு மூட்டும் அம்மா: இந்த மூன்று படங்கள் போதும். பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் பிள்ளைக்கு அளவாகச் சொல்லிவிடலாம்.

ஒரே பக்கத்தில் இரு மொழி

மூன்று சமூகங்கள் வாழும் பிரதேசத்தில் வரவேற்பு நூல் ஒரு மொழியில் மட்டும் வந்தால் பல பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். தமிழும் சிங்களமும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் இரு மொழிப் படப்புத்தகங்களைப் போட்டு வருகிறது, எனவே முறை புதிதல்ல. வரையும் கலைக்கும் இலங்கையிலேயே முன்னோடி உண்டு. சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' 1956இல் வந்தது. குடையே இல்லாத ஒரு கிராமத்தின் கதை அது. சாதாரணக் கிராமத்து மனிதரையும், குடை திருடும் ஒரு குரங்கையும் வைத்தே பிற நாட்டுப் பிள்ளைகளையும் அவர் ஈர்த்தார்.

பிள்ளையின் கைக்குச் சேர

நல்ல நூல் அலுமாரியில் கிடந்தால் பயனில்லை. 1992இல் பிரித்தானியாவின் பேர்மிங்காமில் 300 குடும்பங்களோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம் இதற்கு வழி காட்டியது: குழந்தையைப் பரிசோதிக்கும் சுகாதார ஊழியரே புத்தகத்தையும் கொடுத்தார். நம்மிடம் அதைவிட உறுதியான ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு மருத்துவமாது வருகிறார், நிறை பார்த்துப் பதிவேட்டில் குறிக்கிறார். அந்தப் பதிவேட்டோடு இந்த நூலையும் அவர் கொடுக்கலாம். புதிதாகக் குடியேறும் குடும்பத்துக்குக் கிராம உத்தியோகத்தர் கொடுக்கலாம். விடுமுறைக்கு வருபவர்களுக்காகக் கோயில் வாசலிலும் பொதுநூலகத்திலும் வைக்கலாம்.

செய்யவேண்டிய வேலை அதிகமில்லை. மூன்று சமூகப் பாடசாலைகளின் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து தங்கள் ஊரை வரையட்டும். ஊர் திரும்பிய பிள்ளைகள் கட்டாயம் அதில் இருக்கட்டும், புதிய கண் அவர்களிடம்தான் இருக்கிறது. சித்திர ஆசிரியர்களும் ஓர் ஓவியரும் அவற்றை நூலாகத் தொகுக்கட்டும். அச்சுச் செலவைப் பிரதேச சபையும் வெளிநாட்டில் வாழும் ஊர்ச் சங்கங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். மண்டபம் கட்டவும் கோபுரம் எழுப்பவும் மனமுவந்து கொடுப்பவர்கள் இதற்கும் கொடுப்பார்கள், கேட்க ஆள் வேண்டும். அடுத்த தவணையிலேயே கேட்கத் தொடங்கினால், அதற்கடுத்த ஆண்டு முதலாம் தரத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் பாடப்புத்தகத்தோடு தன் ஊரையும் கையில் வாங்கிக்கொள்ளும்.