நூறு நாள் சம்பளமும் ஒரு கேம் கொன்சோலும்

நான் முதன்முதலாக வீடியோ கேம் விளையாடியது ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தின் லயன் அறையில். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்த அண்ணா ஒருவர் தீபாவளிக்கு வந்தபோது ‘டிவி கேம்’ பெட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எங்கள் முறை வரும்வரை இஸ்தோப்பில் குந்தியிருந்தோம். உலகத்தின் புத்தம்புதிய பொருள் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டது என்று நினைத்தோம்.

அது 1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபெமிகொம் கருவியின் மலிவுப் பிரதி என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏறத்தாழ 17 வருடப் பழைய தொழில்நுட்பம். ஆனாலும் எங்கள் கைக்கு எட்டியது அதுதான்.

புதிய கேம் கொன்சோல் ஒன்று வெற்றிபெற அதில் புதுமை இருந்தே ஆகவேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எழுகிறது. 2025 ஜூனில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தபோதும் எழுந்தது. முந்தைய ஸ்விட்சைவிடப் பெரிய திரை, கூடிய வேகம், பழைய விளையாட்டுகளும் ஓடும் வசதி என்று சில மேம்பாடுகள் இருந்தன. மற்றபடி அதே கருவிதான். ஆனால் முதல் 4 நாட்களில் 35 இலட்சத்துக்கும் மேல் விற்றது.

வரலாறும் இதையே சொல்கிறது. 1989இல் நிண்டெண்டோவின் கேம் போய் என்ற கையடக்கக் கருவி வந்தது. அதன் திரையில் நிறம் இல்லை. போட்டியாக வந்த அட்டாரி லின்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத் திரை இருந்தது. ஆனால் கேம் கியர் 6 பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தது. கேம் போய் 4 பற்றரிகளில் 10 மணித்தியாலத்துக்கும் மேல் ஓடியது. விலையும் குறைவு. பின்னர் வந்த வண்ணத் திரை வகையையும் சேர்த்தால் அது விற்றது 11 கோடிக்கும் மேல்.

அதை வடிவமைத்த குன்பெய் யோகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். நன்கு பழகிப்போன, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து என்பதே அது. வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990களில் பற்றரி அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். டைனமோவும் பழையது, வானொலியும் பழையது. இரண்டையும் இணைத்த விதம்தான் புதியது.

வெறும் புதுமை காப்பாற்றாது என்பதற்கும் அதே யோகோய் உதாரணம். 1995இல் அவர் உருவாக்கிய வேர்ச்சுவல் போய், முப்பரிமாணக் காட்சி காட்டிய துணிச்சலான கருவி. சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் தெரிந்தது. கண் வலிக்கிறது என்றார்கள். விற்பனை 10 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. மறுபுறம், 2006இல் வந்த வீயில் கையை வீசினால் திரையில் பந்து பறந்தது. பாட்டிக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்தது. 10 கோடிக்கும் மேல் விற்றது. 2012இல் வந்த அதன் வாரிசான வீ யூ, கையில் இன்னொரு திரையைக் கொடுத்தது. அது எதற்கு என்று பலருக்கு விளங்கவில்லை. விற்றது ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் மட்டுமே.

ஆகவே புதுமை உதவும், ஆனால் கட்டாயம் அல்ல. பார்த்தவுடன் புரியவேண்டும், விளையாட நல்ல விளையாட்டுகள் இருக்கவேண்டும், விலை கைக்கு எட்டவேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் புதுமை தனியே நிற்காது.

மலையகத்தில் மூன்றாவதே முதலாவது. 2025இல் வெளிவந்தபோது ஸ்விட்ச் 2இன் அமெரிக்க விலை 450 டொலராக இருந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 1,35,000 ரூபா. அது வெளிவந்தபோது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. முழுப் பேர் விழுந்த 100 நாட்களின் சம்பளம், சோறு கறி எதுவும் வாங்காமல், வரியும் போக்குவரத்தும் சேர்க்காமல்.

அதனால் இங்கே வென்றது கொன்சோல் அல்ல, கைப்பேசி. அதுவும் விளையாட்டுப் பொருளாக வரவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காகக் கடன்பட்டும் தவணைக்கும் பெற்றோர் வாங்கிக் கொடுத்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறியதை நாம் மறக்கவில்லை. அதே கைப்பேசியில்தான் ஃப்ரீ ஃபயரும் புகுந்தது. கடைசிவரை உயிரோடு இருப்பவரே வெல்லும் அந்த ஆட்டமுறையை வேறு விளையாட்டுகள் ஏற்கனவே பிரபலமாக்கியிருந்தன. ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடியது, ஓர் ஆட்டம் 10 நிமிடம் அளவில் முடிந்தது, தரவிறக்கக் காசு கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் அதில் ஒரு புதுமை உண்மையிலேயே இருக்கிறது. அது ஆட்டத்தில் இல்லை, காசு வாங்கும் முறையில் இருக்கிறது. விளையாட்டு இலவசம்; உடை, துப்பாக்கியின் அலங்காரம், அவற்றை வாங்கும் ‘டயமண்ட்’ எல்லாம் விலைக்கு. கூட விளையாடுபவனிடம் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்ற கூச்சத்தில் பிள்ளை கேட்கத் தொடங்குகிறான். சிறுசிறு தொகைகள் என்பதால் வீட்டில் உடனே தெரிவதில்லை.

பொருள் பழையது, விற்கும் விதம் புதியது என்பது மலையகம் அறிந்த கதை. 1890இல் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதென்ன உட்படத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் தேயிலையைக் கண்டுபிடித்தவர் அல்ல. கிளாஸ்கோவின் மளிகைக் கடைக்காரர். சிறு பொதிகளில் அடைத்து, மற்றவர்களைவிட மலிவாக, சாதாரண பிரித்தானியக் குடும்பமும் வாங்கும்படி விற்றார். அந்த மலிவுக்கான விலையைக் கொழுந்து பறித்த கைகள் கொடுத்தன.

எனவே பிள்ளை புதிய விளையாட்டொன்றைக் காட்டும்போது, இதில் என்ன புதுமை என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். எப்போது, எதற்குக் காசு கேட்கிறது என்பதையும் அவனோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும். அண்ணா கொண்டுவந்த அந்த டிவி கேம் பெட்டி, வாங்கிய நாளுக்குப் பிறகு கொஞ்சம் மின்சாரத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.