நொடிக்கு இரண்டு மீட்டர்

மனிதனின் கை நொடிக்கு 2,000 மில்லிமீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலை. பவர் பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டனை, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்த் திரையை, எவ்வளவு தள்ளிப் பொருத்துவது என்பதற்கான கணக்கு அது. கதிரைக் கை மறித்ததிலிருந்து இயந்திரம் முழுதாக நிற்க 150 மில்லிநொடி ஆகுமென்றால், அதற்குள் கை 30 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். திரை குறைந்தது அத்தனை தூரத்திலாவது இருந்தாக வேண்டும். கதிர்களின் இடைவெளி அகலமானால் இன்னும் கூட்ட வேண்டும்.

அந்த 150-இல் சில மில்லிநொடிகள், திரையின் சிக்னலைப் பார்த்து 'நில்' என்று கட்டளையிடும் சேஃப்டி கன்ட்ரோலர் எடுத்துக்கொள்பவை. இயந்திரத்தை நிறுத்த, அதை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான சாதாரண பி.எல்.சி.யாலும் முடியும். ஆனால் அதன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பழுதாகி 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், 'நில்' என்ற கட்டளை மோட்டாரை எட்டாது. பழுது இருப்பதே விபத்தன்றுதான் தெரியவரும். சேஃப்டி கன்ட்ரோலர் தன்னையே சந்தேகப்படும் பிராணி. ஒரே சிக்னலை இரண்டு வழிகளில் வாங்கி ஒப்பிடுகிறது. இயந்திரத்துக்கே தெரியாத அளவு குறுகிய நேரத்துக்கு அவுட்புட்டை அணைத்துப் பார்த்து, அணைகிறதா என்று சோதிக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிடும். வயர் அறுந்தாலும் அப்படியே.

முன்பு இந்த வேலைக்கு எமர்ஜென்சி பட்டனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று எனத் தனித்தனி ரிலேக்கள் இருந்தன. ஜெர்மனியின் பில்ஸ் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த 'பிநாஸ்' ரிலே இவற்றில் பிரபலமானது. உற்பத்தி லைனில் ஒரு ரோபோ கூடினால் பெட்டிக்குள் வயரிங்கைப் பிரித்து மேய வேண்டும். மாடுலர் கன்ட்ரோலர் இந்தத் தொல்லையைக் குறைத்தது. சிறிய அடிப்படை யூனிட் ஒன்றை வாங்கி, லைன் வளர வளரப் பக்கத்தில் மாட்யூல்களைச் செருகலாம். எது நடந்தால் எது நிற்க வேண்டும் என்பதைக் கணினியில் வரையலாம்.

பெரிய லாபம், பகுதி பகுதியாக நிறுத்த முடிவது. ஒரு கதவைத் திறந்தால் லைன் முழுவதும் நின்றுவிடும் என்றால், உற்பத்தி நெருக்கடியில் கதவு ஸ்விட்சில் உபரிச் சாவியைச் செருகி ஏமாற்றுகிற பழக்கம் எங்கும் வந்துவிடும். அந்தக் கதவுக்குள் இருக்கும் ரோபோ மட்டும் நின்றால் ஏமாற்ற யாருக்கும் அவசியமில்லை.

ஆனால் மாட்யூலைச் செருகுவது சுலபம் என்பதாலேயே தூரக் கணக்கு மறந்துபோகிறது. நெட்வொர்க் வழியாகத் தள்ளி ஒரு மாட்யூலை வைத்ததில் 20 மில்லிநொடி கூடினால், திரை 4 சென்டிமீட்டர் பின்னால் நகர வேண்டும். பிரேக் தேய்ந்தால் நிற்கும் நேரம் இன்னும் கூடும். கன்ட்ரோலரின் சான்றிதழில் 'பி.எல். இ' (பெர்ஃபார்மன்ஸ் லெவல் இ) என்ற உச்சப் பாதுகாப்பு மதிப்பு இருக்கலாம். சென்சாரிலிருந்து வால்வு வரை முழுச் சங்கிலிக்கும் அந்தத் தரம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

சிறு பட்டறைகளின் பழைய கீ கிளட்ச் பிரஸ்களுக்கு இதில் எதுவும் உதவாது. கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியாமல் ராம், அதாவது இறங்கி அழுத்தும் பகுதி, நிற்காது. கன்ட்ரோலர் எவ்வளவு விரைவாகக் கட்டளையிட்டாலும் கேட்பதற்கு அங்கே பிரேக் இல்லை. அவற்றுக்கு வேண்டியது விரல் நுழையாத கம்பிக்கூண்டு.