மரம் யாருடையது?

லினக்ஸ் மீது 18 ஆண்டு வழக்கு!

தர்மபுரி ஜில்லாவில் புளிய மரத்தைப் பார்க்காத பிள்ளை கிடையாது. மகசூலைக் குத்தகை எடுத்தவர் புளியை உலுக்கிக்கொண்டு போகலாம். மரத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. மகசூல் வேறு, மரம் வேறு.

இதே தகராறு அமெரிக்காவில் நடந்தது. அங்கே மரம் அல்ல, கணினி மென்பொருள்!

பள்ளிக்கு வந்த கணினி

2011-ம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோசும் இருந்தது. பாஸ் என்ற மென்பொருளும் இருந்தது. விண்டோஸ், மைக்ரோசாப்ட் கம்பெனியின் சொத்து. அதை எழுதிய விதம் ரகசியம். பாஸ் அப்படி அல்ல. சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் அதை உருவாக்கியது. அதற்கு அடிப்படை லினக்ஸ்.

லினக்சை 1991-ல் தொடங்கியவர், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பல நாட்டார் சேர்ந்து அதை வளர்த்தார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

500 கோடி டாலர் கொடு!

2003 மார்ச் மாதம். எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி, ஐ.பி.எம். கம்பெனி மீது வழக்குப் போட்டது.

"யூனிக்ஸ் எங்கள் சொத்து. அதிலிருந்து எடுத்து லினக்சில் சேர்த்துவிட்டீர்கள்" என்பது புகார். முதலில் 100 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டது. பிறகு 500 கோடி ஆயிற்று!

அதோடு விடவில்லை. சுமார் 1,500 பெரிய கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 699 டாலர் முதல் கட்ட வேண்டுமாம். இலவசம் என்று நம்பியவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

பத்திரம் பேசியது

அப்போது நாவல் என்ற கம்பெனி குறுக்கிட்டது. "1995-ல் நாங்கள் யூனிக்ஸ் வியாபாரத்தைத்தான் விற்றோம். பதிப்புரிமையை விற்கவில்லை" என்றது.

பத்திரத்தைப் புரட்டினார்கள். விற்காத சொத்துகளின் பட்டியலில் பதிப்புரிமையும் இருந்தது! ஆனால் 1996-ல் ஒரு திருத்தம் எழுதியிருந்தார்கள். அதன் வாசகம் குழப்பமானது. வக்கீல்களுக்கு அது போதாதா? ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள்.

2007 ஆகஸ்டில் நீதிபதி நாவல் பக்கம் தீர்ப்புக் கூறினார். அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. திவால் மனுக் கொடுத்தது. அப்பீல் கோர்ட்டு மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2010 மார்ச்சில் ஜூரர்களும் "பதிப்புரிமை நாவலுக்கே" என்றார்கள்.

ஐ.பி.எம். மீதான வழக்கு மட்டும் 2021 வரை இழுத்தது. கடைசியில் சமரசம். 500 கோடி டாலர் கேட்ட இடத்தில், திவாலான கம்பெனியின் கணக்குக்குக் கிடைத்தது 1 கோடியே 42½ லட்சம் டாலர்.

நம் நாட்டில்

பதிப்புரிமை எழுத்தைக் காக்கும். காப்புரிமையோ வழிமுறையையே ஒருவருக்குச் சொந்தமாக்கும். 2004 டிசம்பரில் வந்த ஓர் அவசரச் சட்டம், சிலவகை மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுக்க வழி செய்தது. எதிர்ப்பு எழுந்தது. 2005 மார்ச்சில் பார்லிமெண்ட் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. கணினி நிரல் என்பதற்காக மட்டும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது.

லினக்ஸ் இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. தர்மபுரி பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் சட்டைப் பைகளில் பார்க்கலாம்.