கடல் கடந்து வரும் காணிக்கையும் நம் கணக்குப் புத்தகமும்

போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையை அறியாதவர் நம் பகுதியில் இல்லை. மலையிலிருந்து இறங்கும் காய் சலித்துத் தரம் பிரிக்கப்பட்டு, எடை போடப்பட்டு, எண் இடப்பட்டு, மாதிரி வணிகர் கையில் வந்த பின்னரே அங்கு விலை பேசப்படும். எத்துணை மணமுள்ள காயாயினும், எண்ணில்லாத மூட்டையை எவரும் கேட்பதில்லை. அறப்பணிக்கென்று அயல்நாட்டிலிருந்து வரும் பணத்திற்கும் இன்று இதுவே நிலை. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எதன் பொருட்டு என்ற மூன்றும் எழுத்தில் இராவிடில், நல்ல மனத்தோடு அனுப்பப்பட்ட பணமும் ஏழையின் கையைச் சென்று சேர்வதில்லை. சில வேளைகளில் அது பெற்றவரையே வழக்கில் நிறுத்திவிடும்.

இதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய தேவை என்ன? போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலையைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் எத்தனையோ பேர். அவர்கள் திரும்பும் வரை பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் துணையில்லை. நடக்க இயலாத முதியோருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. இந்த மண்ணில் பிறந்து அயல்நாடுகளில் நல்ல நிலைக்கு வந்த மக்கள் இதை மறந்துவிடவில்லை. ஒரு மாலை நேரப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்திற்கோ உதவ முன்வருகிறார்கள். உடனே இங்குள்ள உறவினர் பங்குக் குருவிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி: "சாமி, பணம் அனுப்புகிறார்களாம். எந்தக் கணக்கில் போடச் சொல்லட்டும்?" எளிய கேள்விதான், ஆனால் விடை அத்துணை எளிதன்று.

சட்டம் வந்த வழி

அயல்நாட்டு உதவி நமக்குப் புதிதன்று. அமெரிக்கக் கத்தோலிக்கரின் துயர் துடைப்பு அமைப்பாகிய சி.ஆர்.எஸ். 1946-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் பணி தொடங்கியது. இந்திய ஆயர் பேரவை 1962-இல் காரித்தாஸ் இந்தியாவை நிறுவியது. பங்குகளில் கோதுமையும் பால்மாவும் வழங்கப்பட்டதை நம் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர்.

அயல்நாட்டுப் பணம் நம் அரசியலிலும் தேர்தலிலும் புகுந்துவிடலாகாது என்ற கவலையால், நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1984-இல் செய்யப்பட்ட திருத்தம், இத்தகைய உதவி பெறும் சங்கங்கள் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. பழைய சட்டத்தின் இடத்தில் 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அத்திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. அயல்நாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் தடையற்ற உரிமையாகாது என்றும் கூறியது.

அயல்நாட்டவர் யார்?

நம்மவரில் பலரும் தடுமாறும் இடம் இது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறார்; கையில் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளது. தம்பி கனடாவில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார். இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே கோயிலில் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஆயினும் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றல்லர்.

அண்ணன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அவர் இன்னும் இந்தியக் குடிமகன். அவருடைய கடவுச்சீட்டின் நகலைப் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்வது நன்று. தம்பி கொடுப்பதோ அயல்நாட்டு நன்கொடை. வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை அவரிடம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அவர் திருவிழாவிற்கு ஊர் வந்து, நம் நாட்டு ரூபாயாகவே சங்கத்திற்குக் கொடுத்தாலும் அது அயல்நாட்டு நன்கொடையே. நாணயம் எந்த நாட்டுடையது என்பதன்று கேள்வி. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கேள்வி.

அப்படியானால் தம்பி தம் அக்காளுக்குக் குடும்பச் செலவிற்கென்று அனுப்பி, அக்காள் அதைச் சங்கத்திற்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் வழி சொல்வர். நெருங்கிய உறவினர் குடும்பத்திற்கு அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஓர் ஆண்டில் ரூ. 10 இலட்சம் வரை அரசுக்கு அறிவிக்கவும் வேண்டியதில்லை என 2022 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அது குடும்பத்திற்கென்று திறக்கப்பட்ட வாயில். சங்கத்தின் பணத்தை அதன் வழியே நுழைப்பது சட்டத்தை ஏய்ப்பதாகும். இச்சட்டத்தை மீறுவோருக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். நன்மை செய்யப் போன அக்காள் நீதிமன்றப் படியேற வேண்டுமா?

சங்கம் பிறந்து வளரும் விதம்

முதற்படி நம் ஊரிலேயே உள்ளது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது எழுவர் கூடி, சங்கத்தின் நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அறக்கட்டளையாக அமைப்பதாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிய வேண்டும். அடுத்து, சங்கத்தின் பெயரில் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு, நிதி ஆயோக் நடத்தும் 'தர்ப்பன்' பதிவேட்டில் ஓர் எண் ஆகியவை தேவை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பதிவோடு கடமை முடிந்ததென்று உறங்கிவிடும் சங்கங்கள் பின்னர் எழுவது அரிது.

டில்லிக்குச் செல்லும் விண்ணப்பம்

உள்துறை அமைச்சகப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் சங்கம் மூன்று ஆண்டுகளேனும் இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் அடிப்படைப் பணிகளுக்கென்று ரூ. 15 இலட்சமேனும் செலவழித்திருக்க வேண்டும். பொறுப்பாளர்கள் ஆதார் எண் தர வேண்டும். விண்ணப்பம் கணினி வழியாகவே செல்லும். பின்னர் விசாரணைக்கு அலுவலர் நேரில் வரக்கூடும். அவர் கேட்கும்போது வரவு செலவுப் புத்தகமும் கூட்டக் குறிப்பேடும் மேசை மேல் இருக்க வேண்டும்.

அத்தனை வயதும் செலவும் இல்லாத இளஞ்சங்கத்திற்கு 'முன் அனுமதி' என்ற வேறொரு வழி உண்டு. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து, குறிப்பிட்ட பணிக்காக, குறிப்பிட்ட தொகை பெற மட்டும் அது செல்லும். கொடுப்பவரின் உறுதிக் கடிதம் அதற்குத் தேவை.

பதிவு கிடைத்தால் பணம் முதலில் புது டில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கப்பட்ட கணக்கிற்கே வர வேண்டும். இதற்காக எவரும் டில்லிக்குப் பயணம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள அவ்வங்கிக் கிளை வழியாகவே கணக்குத் திறக்கலாம். வந்த தொகையில் நிர்வாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது. 2020-க்கு முன் இவ்வரம்பு ஐம்பதாக இருந்தது. பள்ளி ஆசிரியர், மருத்துவர் போன்றோர் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்திற்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், ஆண்டறிக்கை தர வேண்டும். ஒரு ரூபாயும் வராத ஆண்டிலும் 'இல்லை' என்றேனும் எழுதித் தர வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் வாயிற்காவலர் உண்டு

அங்குள்ள நம்மவர் தாமே ஓர் அறநிலையம் தொடங்க விரும்பினால், அந்த நாட்டுச் சட்டமும் குறுக்கிடும். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுனைக் கடந்த அறநிலையம் பொதுவாக அறநிலைய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் வருமான வரித்துறையிடம் விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டும். அயல்நாட்டிற்கு அனுப்பும் பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதற்கும் அச்சங்கமே பொறுப்பு. எனவே அங்கிருந்து இரசீதும் நிழற்படமும் அறிக்கையும் கேட்டு எழுதினால், "நம்மை நம்பவில்லையோ" என்று மனம் வருந்த வேண்டாம். அவர்களிடமும் கணக்குக் கேட்க ஆள் உண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முன் அனுமதி கேட்கும் நம் சங்கத்தின் தலைமைப் பொறுப்பாளர், பணம் தரும் அயல்நாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தவராக இருத்தலாகாது. நம் ஆட்சிக்குழுவினருள் குறைந்தது முக்கால் பங்கினர் அங்கு உறுப்பினராகவோ ஊழியராகவோ இல்லாதவராய் இருக்கவும் வேண்டும். அண்ணன் தம்பியரே இரு கரைகளிலும் தலைவர்களாய் அமர்ந்துகொள்ள விரும்புவோர் இதை முன்னரே அறிவது நலம்.

சிறியோர் படும் பாடு

இச்சட்டம் எல்லாருக்கும் ஒரே பாரமாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குத் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் உண்டு. மலையடிவாரத்துச் சிறு சங்கத்திற்குப் பதினைந்து இலட்சம் என்பது மலையளவு. முன்பு பதிவுபெற்ற பெரிய சங்கம் தான் பெற்ற நன்கொடையில் ஒரு பகுதியைச் சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020-இல் அவ்வழியும் அடைக்கப்பட்டது.

பெரியோரும் தப்பவில்லை. அன்னை தெரேசா நிறுவிய பிறரன்புப் பணியாளர் சபையின் பதிவைப் புதுப்பிக்க 2021 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளிலேயே, உள்துறை அமைச்சகம் மறுத்தது. பாதகமான தகவல்கள் கிடைத்ததாகக் காரணம் கூறப்பட்டது. இரு வாரங்களுக்குள், 2022 ஜனவரி தொடக்கத்தில், பதிவு மீண்டும் வழங்கப்பட்டது. 'கம்பாசன் இன்டர்நேசனல்' என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பிற்கோ அவ்வாறு வழி திறக்கவில்லை. 2016-இல் அதன் பணம் முன் அனுமதி இன்றி வரலாகாதெனக் கட்டுப்படுத்தப்பட்டது. மதமாற்றத்திற்குப் பணம் செல்கிறதென்ற குற்றச்சாட்டை அந்த அமைப்பு மறுத்தது. 2017 மார்ச்சில் அது இந்தியாவில் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் உதவியில் வளர்ந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வுதவியை இழந்தனர். அயல்நாட்டுப் பணத்தையே ஒரே தூணாக நம்பிக் கட்டிய வீடு ஒரு நாளில் சாயக்கூடும் என்பதற்கு இது போதிய சான்று.

இந்தக் கடினத்தைக் கண்டே "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர்களும் உண்டு. 2022 மே மாதத்தில் சி.பி.ஐ. நாட்டின் பல இடங்களில் சோதனையிட்டு, இப்பதிவுகளின் பொருட்டுக் கையூட்டுப் பெற்றதாக உள்துறை அமைச்சக அலுவலர்கள் உள்ளிட்ட பலரைக் கைது செய்தது. ஏழையின் பெயரால் வாங்கிய பணத்தில் கையூட்டுக் கொடுத்துத் தொடங்கும் பணியை அறப்பணி என்று அழைக்க முடியுமா?

எழுவரும் தீத்துவும்

திருச்சபையின் தொடக்க நாட்களில், விதவைகளுக்கு உணவு பங்கிடுவதில் முறையீடு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்குமாறு சீடர்களிடம் சொல்லி, அவர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள். நம் மாநிலச் சட்டம் கேட்பதும் எழுவரையே! புனித சின்னப்பர் மக்கேதோனியாவிலும் அக்காயாவிலும் காணிக்கை திரட்டி யெருசலேம் ஏழைகளுக்கு அனுப்பியதை எண்ணுங்கள். அதுவும் கடல் கடந்த நன்கொடையே. அதைத் தாம் ஒருவராக எடுத்துச் செல்ல அவர் விரும்பவில்லை. சபைகள் தேர்ந்தவர்கள் கடிதங்களோடு உடன் செல்ல வேண்டும் என்றார். தீத்துவையும் சபைகளால் நியமிக்கப்பட்ட மற்றொரு சகோதரரையும் அனுப்பினார். ஆண்டவர் முன் மட்டுமன்று, மனிதர் முன்னும் இப்பணத்தில் பழி வரலாகாது என்பதே அவர் கவலை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து வாசித்துப் பாருங்கள். கணக்கும் ஓர் அன்புச் செயல் என்பது விளங்கும்.

ஆகவே, உதவ முன்வரும் உறவினருக்கு நாம் சொல்ல வேண்டியவை சில. இந்தியக் குடியுரிமை உடையவர் வங்கி வழியாகச் சங்கத்தின் கணக்கிற்கே அனுப்பட்டும். தனியார் எவர் கணக்கிற்கும் வேண்டாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் பதிவுபெற்ற சங்கத்தின் வழியாகவே கொடுக்கட்டும். நம் ஊரில் அத்தகைய சங்கம் இல்லையெனில், பதிவுபெற்ற மறைமாவட்டச் சமூகப் பணிச் சங்கம் ஒன்று நம் ஊர்ப் பணியைத் தன் பணியாகவே ஏற்று நடத்த இயலுமா என்று கேட்கலாம். விதிகள் அவ்வப்போது மாறுவதால் தகுதியுள்ள தணிக்கையாளரின் அறிவுரையை முதலிலேயே பெறுவது சிக்கனம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அனுமதி வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். மாலை நேரப் பள்ளிக்கு ஒரு விளக்கும், ஒரு பாயும், படித்த நம் பிள்ளை ஒருவரின் இரண்டு மணி நேரமும் போதும். ஏலக்காய்ப் பருவத்தில் வீட்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினால் முதியோருக்குக் கஞ்சி ஓடும். அந்தச் சிறு தொகைக்கும் இன்றே ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி, நாள் இட்டு, இருவர் கையொப்பம் இடுங்கள். மூன்று ஆண்டு கழித்து விசாரணைக்கு வரும் அலுவலர் முதலில் கேட்கப் போவது அந்தப் புத்தகத்தைத்தான். அதற்கு முன்னரே, கஞ்சி குடித்த முதியவரும் விளக்கொளியில் படித்த பிள்ளையும் அதன் பயனைப் பெற்றிருப்பார்கள்.