பொன்முதுகு மரங்கொத்தியும் பட்ட மரமும்

பெங்களூருக்குக் கிழக்கே, 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியக் குடியேற்றமாகத் தோன்றிய வைட்ஃபீல்ட், இன்று கணிப்பொறி நிறுவனங்கள் செறிந்த நகர்ப்பகுதியாகும். எனினும், எஞ்சியுள்ள தோட்டங்களில் சிரிப்பொலி போன்ற கூரிய குரல் கேட்குமாயின் அண்ணாந்து நோக்குதல் நன்று. பொன்னிற முதுகும் செந்நிறக் கொண்டையும் உடைய மரங்கொத்தி ஒன்று, விறைத்த வாலை மரத்தில் ஊன்றி மேலேறுவதைக் காணலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், குடகிலும் வயநாட்டிலும் ஆனைமலையிலும், இதன் உறவினமாகிய பெரிய பொன்முதுகு மரங்கொத்தி வாழ்கின்றது. பெயரும் நிறமும் ஒத்திருப்பதால் களக்குறிப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவதற்கு இடமுண்டு. முதுகின் பொன்னிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்தலாகாது. வைட்ஃபீல்டில் காணும் பறவைக்கு வாலையடுத்த பின்முதுகு கருமை. தொண்டையும் கருமையே, அதில் வெண்கோடுகள் உண்டு. காட்டுப் பறவைக்கோ பின்முதுகு சிவப்பு, பிடரி வெண்மை, கண் வெளிறியது. பெண் பறவைகளைப் பிரித்தறிதல் இன்னும் எளிது. முன்னதன் பெண்ணுக்கு நெற்றியில் கருமையும் வெண்புள்ளியும் இருப்பினும் கொண்டை சிவந்தே இருக்கும். பின்னதன் பெண்ணுக்குத் தலையில் சிவப்பே கிடையாது.

காட்டுப் பறவைக்குப் பருத்த முதுமரங்கள் வேண்டும். தோட்டத்துப் பறவையோ எறும்புகளை விரும்பியுண்டு, தென்னையிலும் சாலைமரங்களிலும் காலம் தள்ளுகின்றது. ஆனால் கூடமைக்க அதற்கும் உளுத்த மரமே உதவும். பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான பருவத்தில், துளையின் அடியில் வெறும் மரத்தின்மேல் பெரும்பாலும் மூன்று வெண்ணிற முட்டைகளை இடும். சுமார் 11 நாட்களில் குஞ்சு பொரிக்கும். பின்னும் 20 நாட்கள் அளவில் குஞ்சுகள் வெளியேறும். அவை நீங்கிய பின்னரும் வளை வீணாவதில்லை. தாமாகத் துளையிட இயலாத மைனா, கிளி, புள்ளி ஆந்தை ஆகியவை அதில் குடிபுகும்.

பட்ட மரம் என்றவுடன் கோடரியைத் தேடுவது நம் வழக்கம். சாலையோரத்தில் விழக்கூடிய மரத்தை விட்டுவைக்க முடியாதுதான், அதில் வாதமில்லை. பள்ளி வளாகத்தின் மூலையிலோ, தோப்பின் நடுவிலோ, எவருக்கும் தீங்கின்றி நிற்கும் மரத்தின் நிலை வேறு. வெட்டுமுன் களப்பணியாளர் அடிமரத்தைச் சுற்றி வந்து வட்டமான துளை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். துளையின் கீழே புதிய மரத்தூள் சிதறியிருப்பின் வேலை அண்மையில் நடந்துள்ளது எனக் கொள்ளலாம். ஆசிரியர்கள் மாணவரைத் தொலைவிலேயே நிறுத்தி, மரத்தின் பெயர், துளையின் உயரம், வந்துசென்ற பறவை, நாள், நேரம் ஆகியவற்றை ஏட்டில் எழுதச் செய்யலாம்.