கேளாதவரைத் தேடும் சல்லடை

கிணத்துக்கடவுச் சந்தைக்குத் தக்காளி கொண்டு செல்லும் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலை பேசுமுன் தரம் பிரிக்க வேண்டும். காய் வேறு, கனிந்தது வேறு, அடிபட்டது வேறு என்று பிரித்த பின்னரே வியாபாரம் நடைபெறும். இவ்வாறே மனிதரைத் தரம் பிரித்து நடத்தும் வியாபாரம் ஒன்றும் உலகில் உண்டு. அதற்கு மோசடி என்று பெயர். அது எவ்வாறு தன் ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறது என்பதை விவசாயிகளும் நெசவாளர்களும் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதி இதனை எழுத முற்பட்டோம்.

நம் கொங்கு நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு பார்ம்ஸ் என்னும் நிறுவனம் ஆஸ்திரேலிய நாட்டுப் பறவையான ஈமுவை வளர்க்க மக்களை அழைத்தது. ரூ.1,50,000 கட்டினால் ஆறு குஞ்சுகள் தரப்படும், கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு, மாதந்தோறும் ரூ.6,000, ஆண்டுக்கொருமுறை ஊக்கத்தொகை ரூ.20,000, இரண்டு ஆண்டு கழித்து முதல் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. திரை நடிகர்கள் தோன்றிய விளம்பரங்கள் வீடுதோறும் எட்டின. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிறுவனம் சரிந்தது. தீவனமின்றித் தவித்த பறவைகளுக்கு இரை போடும் பொறுப்பு அரசின் கால்நடைத் துறையிடம் வந்து சேர்ந்தது.

இதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் ரூ.6,000 வீதம் ஆண்டுக்கு ரூ.72,000. ஊக்கத்தொகையைச் சேர்த்தால் ரூ.92,000. அதாவது முதலுக்கு நூற்றுக்கு அறுபத்தொரு ரூபாய்க்கு மேல் வருமானம். ஈமுக் குஞ்சோ பருவத்துக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். முட்டையிடாத குஞ்சு முதல் மாதமே ஆறாயிரம் ரூபாய் எங்கிருந்து ஈட்டும்? பின்னால் வந்தவர் கட்டிய பணமே முன்னால் வந்தவருக்கு வருமானமாகச் சென்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1920ஆம் ஆண்டில், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது தருவதாகக் கூறிச் சார்லஸ் பொன்சி என்பவர் செய்ததும் இதுவேயாகும்.

இங்கு ஓர் ஐயம் எழும். கணக்குத் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடிக்கக் கூடிய இத்தகைய வாக்குறுதியை ஏன் அளிக்க வேண்டும்? நூற்றுக்குப் பன்னிரண்டு என்று நம்பத் தக்கதாகச் சொன்னால் இன்னும் பலர் வருவார்களே!

இதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் கோர்மக் ஹெர்லி என்பவர், தற்செயலாக அதே 2012ஆம் ஆண்டில், ஒரு விடை அளித்தார். நைஜீரியாவில் கோடிக்கணக்கான பணம் காத்திருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்பும் ஏமாற்றுக்காரர், எல்லோரும் சிரிக்கும் கதையையே ஏன் மீண்டும் மீண்டும் எழுதுகிறார் என்று அவர் ஆராய்ந்தார். கடிதம் அனுப்பச் செலவில்லை. பதில் எழுதியவரோடு பல நாள் பேசுவதற்கே உழைப்பு வேண்டும். பாதி வழியில் விழித்துக்கொள்பவரால் அவ்வுழைப்பு வீணாகும். ஆகவே நம்பத் தகாத கதையையே சொன்னால், ஐயப்படுபவர் தாமாகவே விலகிவிடுவர். கடைசி வரையில் நம்பக் கூடியவர் மட்டுமே எஞ்சுவர். நமக்குப் பிழையாகத் தோன்றும் மிகை, அவருக்குச் சல்லடை.

எஞ்சியவரெல்லாம் அறிவில்லாதவர் என்றோ பேராசைக்காரர் என்றோ கூறிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. கிணத்துக்கடவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் நாம் கண்ட கொட்டகை இப்போது தேங்காய் மட்டை அடுக்கப் பயன்படுகிறது. பறவை வளர்ப்புக்கென்று கட்டியது. அதன் உரிமையாளர் முதியவர். வட்டிக் கணக்கை வாய்மொழியாகவே சொல்ல வல்லவர். "இந்தக் கணக்கு உங்களுக்குத் தோன்றவில்லையா?" என்று வினவினோம்.

"தோணாம இல்லீங்க தம்பி. கூட்டிட்டு வந்தவரு சம்பந்தி வழிச் சொந்தமுங்க. நாலு பேரு முன்னால கேட்டா, நம்பிக்கையில்லாத ஆளுன்னு நெனச்சுக்குவாங்களேன்னு கேக்காம விட்டுட்டனுங்க" என்றார்.

அவரை வீழ்த்தியது பேராசையன்று; மரியாதை. கேட்பது அவமதிப்பு என்று எண்ணும் நல்ல மனத்தையே இச்சல்லடை தேடுகிறது. மோசடி பெரும்பாலும் உறவினர் வழியாகவும் ஒரே ஊரார் வழியாகவும் பரவுவதன் காரணம் இதுவே.

இது பறவையோடு முடியவில்லை. திருப்பூரில் பாசி என்னும் நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் சுமார் ரூ.930 கோடி திரட்டி ஏமாற்றிய வழக்கில், கோவைத் தனி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இன்று இவ்வலை கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது.

அரசியல் மேடையிலும் இச்சல்லடைக்கு வேலை உண்டு. எக்கட்சியையும் சுட்டி இதனைக் கூறவில்லை. எந்த நிதியிலிருந்து என்று சொல்லாமல் பெருவாக்குறுதி அளித்தால், கணக்குக் கேட்பவர் எதிரி எனவும் கைதட்டுபவர் நம்மவர் எனவும் கூட்டம் தானே பிரிந்துவிடும். நமக்கு அண்மையிலுள்ள அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016 மே மாதத் தேர்தலை, வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டது என்பதற்காகத் தேர்தல் ஆணையம் ரத்துச் செய்து, நவம்பரில் நடத்தியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் வாங்கிய கை பிறகு கணக்குக் கேட்க நீளுமா?

கூட்டுறவு மட்டும் குற்றமற்றது என்று பெருமை பேச நாம் வரவில்லை. 2021ஆம் ஆண்டில் தமிழகக் கூட்டுறவு நிறுவனங்களின் நகைக் கடன்களை ஆய்ந்தபோது முறைகேடுகள் வெளிப்பட்டன. நமது வேறுபாடு ஒன்றே: இங்கு கேட்பது அங்கத்தினரின் உரிமை. பேரவையில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. கணக்குகள் தணிக்கைக்கு உட்படுகின்றன. எனினும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

நமது குறையையும் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, இருப்பிலுள்ள நூலின் மதிப்பைப் பற்றி மூன்றாம் முறையாக வினவினார். நேரம் ஆகிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்று அவரை அமரச் சொன்னவர் நாமே. மறு ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழவில்லை, வேறெவரும் எழவில்லை. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஏமாற்றுக்காரர் செய்ய வேண்டிய வேலையை அன்று நாமே செய்து முடித்தோம் என்பது பின்னரே புலப்பட்டது.

ஆதலின் பணம் கேட்டு எவர் வந்தாலும் மூன்று வினாக்களை நாலு பேர் முன்னிலையிலேயே கேட்டல் வேண்டும். இவ்வருமானம் எவ்விற்பனையிலிருந்து வருகிறது? வைப்புத்தொகை பெற யார் அனுமதி அளித்தார்? கம்பெனியாகப் பதிவு செய்த சான்று இவ்வனுமதி ஆகாது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. மூன்றாவது, இன்றே கட்ட வேண்டும் என்ற அவசரம் எதற்கு? கைப்பேசி வழியாகப் பணம் இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் நலம்.

இவ்வினாக்களுக்கு முகம் சுளிப்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். கேட்கும் பழக்கத்தை நம் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். அடுத்த பேரவையில் பக்கத்தில் இருப்பவர் ஐயம் கேட்க எழுந்தால், அவர் வேட்டியைப் பிடித்து இழுக்காதிருப்போமாக.