கேரவன் இழுக்கும் கார்: பின்பக்கம் தாழ்ந்தால் ஏர்பேக் போதுமா?

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவில் அது படுக்கை, கிச்சனோடு காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. அதை இழுக்கும் 4 வீல் டிரைவ் காரின் சஸ்பென்ஷனை மாற்றுவதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

என்ன பிரச்சனை?

டொயோட்டா லேண்ட்குரூசர் 300 அதிகபட்சம் 3,500 கிலோ இழுக்கும். இழுவைக் கொக்கி மேல் 350 கிலோ வரை பாரம் இறங்கலாம். இது பின் ஆக்சிலுக்கும் பின்னால் அழுத்துவதால், சீசா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கும். ஆக்சிலில் இருந்து கொக்கி 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், முன் சக்கரங்களில் கிட்டத்தட்ட 147 கிலோ குறையும். ஸ்டியரிங் பிடிமானமே அங்கேதானே இருக்கு!

ஏர்பேக் வைத்தால்?

இது விபத்தில் விரியும் ஏர்பேக் இல்லை, பின் சஸ்பென்ஷனில் வைக்கும் காற்றுப்பை. காற்றடித்ததும் கார் நேராகிவிடும். ஆனால் முன்பக்கம் இழந்த எடை திரும்பாது. அதற்கு, கார் கம்பெனி அனுமதித்தால், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டணும். லீஃப் ஸ்பிரிங் உள்ள பிக்கப்களில் இன்னொரு ஆபத்து: காற்றுப்பை பாரத்தை ஒரே இடத்தில் குவிப்பதால் சேஸிஸே வளைந்த சம்பவங்கள் உண்டு.

அப்போ எதை வாங்குவது?

முதலில் முழு லோடோடு எடை மேடையில் ஏற்றி, முன் பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாகப் பாருங்கள். எப்போதும் இருக்கும் பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்தான் சரி. வருஷத்துக்கு 2 வாரம் இழுப்பதற்காக கெட்டி ஸ்பிரிங் போட்டால், மீதி நாளெல்லாம் கார் தூக்கித் தூக்கிப் போடும். ஸ்பிரிங் மாற்றினால் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் அவசியம்.

முக்கியமா, ஸ்பிரிங் மாற்றியதால் மட்டும் காரின் சட்டப்பூர்வ எடை வரம்பு கூடாது. அதற்குத் தனியாகச் சான்றிதழ் வாங்கணும்.